செய்தி படிப்போரும் செய்தி கேட்போரும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொலைக்காட்சிச் செய்தியைக் குறித்துப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியராதலின் எம் செவி முதற்கண் ழகரத்தின்மீதே செல்கின்றது. மழை மளையாகின்றது, வாழ்க்கை வால்க்கையாகின்றது. மாணாக்கர் கேட்டவாறே ஒலித்து, ஒலித்தவாறே எழுதுகின்றனர். திருத்தப் புகுந்தால், "தொலைக்காட்சியில் அப்படித்தானே ஐயா சொல்கிறார்கள்?" என்கின்றனர். யாம் என் செய்வோம்!

ஆயினும், நாப்பிழைக்கு உலகம் உடனே தண்டம் விதித்துவிடுகின்றது. 2014 செப்டம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் இந்தியாவிற்கு வந்த காலத்துத் தூர்தர்ஷனில் ஆங்கிலச் செய்தி படித்த ஒருவர், அப்பெயரைப் 'பதினொன்று ஜின்பிங்' என்று படித்துவிட்டனர். 'ஷி' என்பதற்குரிய ஆங்கில எழுத்திரண்டும் உரோமானிய எண்ணிற் பதினொன்றைக் குறிக்கும் வடிவமாதலின் நேர்ந்த மயக்கம் அது. நாடு நகைத்தது, படித்தவர் வேலையிழந்தனர். அதனால் வஞ்சிக்கப்பட்டார் யார்?

பவணந்தியார் நன்னூலில் நூற்குற்றம் பத்தெனத் தொகுத்தனர். மேற்கூறியவற்றை வழூஉச்சொற் புணர்த்தல் என்பதனுள் ஒருவாறு அடக்கலாம். குன்றக் கூறல், மற்றொன்று விரித்தல் என்னும் இரண்டோ திருத்தமான உச்சரிப்போடும் இனிய முகத்தோடும் வருகின்றன; ஆதலின் நாம் அவற்றை ஐயுறுவதேயில்லை.

2001 ஜூன் 30 பின்னிரவில் திரு. மு. கருணாநிதி கைது செய்யப்பட்டதை இங்குள்ள மூத்தோர் மறந்திரார். அவருடைய உறவினரான மாறன் குடும்பத்தாரின் சன் தொலைக்காட்சி, முதியவரைக் காவலர் இழுத்துச் சென்ற காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டிற்று. அன்று ஆண்ட அ.தி.மு.க.வின் சார்புடைய ஜெயா தொலைக்காட்சியோ, அங்கே வந்த மத்திய அமைச்சர்கள் காவலரோடு மல்லாடிய காட்சியை முன்னிறுத்திற்று. இரண்டும் ஒளிப்படக் கருவி கண்டவையே. ஒன்றை மட்டும் கண்ட வீட்டார்க்கும் மற்றொன்றை மட்டும் கண்ட வீட்டார்க்கும் அவ்விரவு இருவேறு இரவாயிற்று. அடுத்தடுத்த வீட்டில் வாழும் உடன்பிறந்தார், தாம் நேரிற் கண்டோமென்றே எண்ணி வழக்காடினர். இப்பிழைக்காக ஒரு செய்தி வாசிப்பாளரேனும் வேலையிழந்ததாக யாம் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கும் அவரை மட்டும் வைதலும் முறையன்று. எதனைக் காட்டுவது, எதனை விடுவது என்று முடிவுசெய்வோர் திரையில் தோன்றுவதில்லை.

முறையிட வழியில்லையோ எனின், உண்டு. 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, ஒளிபரப்பியவர்க்கே முதலில் முறையீடு எழுதலாம்; அவர் 15 நாட்களுள் விடைதர வேண்டும். நிறைவில்லையாயின் மேன்முறையீடும் உண்டு. ஆனால், சொல்லாது விட்டதைக் குறித்து முறையிட வேண்டின், விடப்பட்டது யாதென முன்னர் அறிதல் வேண்டுமன்றோ?

ஆதலின் செயலாளரவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் வாசகசாலையில் ஒரு குறிப்பேடு வைத்தருள்க. நம் பிள்ளைகளுள் இருவர் ஒரே மாலையில் இருவேறு தொலைக்காட்சிச் செய்திகளைக் கேட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதட்டும். ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்தில் இல்லாதவற்றிற்குச் செம்மையிட்டு அடிக்கோடிடுவதை யாமே மேற்கொள்வோம். ழகரப் பிழையையும் உடன் திருத்திவிடலாம்.