நாயகியிடம் யார் ரகம் கேட்டது?

மதராஸ் பட்டாளத்தோடு கன்டோன்மென்டுக்கு வந்து திருமுல்கேரியிலேயே வேரூன்றிவிட்ட குடும்பத்துப் பிள்ளைகளே!

நம் வீடுகளில் எத்தனை கதீஜாக்கள்! ஆசையாகப் பெயர் வைத்தோம். அந்தப் பிள்ளைக்கு நிக்காஹ் பேச உட்கார்ந்ததும் முதல் பேச்சு என்ன? வரதட்சணை. ஊரில் கைக்கூலி என்றோம். ஹைதராபாத் வந்து 'ஜோடே கீ ரகம்' என்கிறோம். பெயர்தான் மாறியது, பாவம் மாறவில்லை.

கதீஜா நாயகி (ரலி) மக்காவின் பெரும் வணிகர். அவருடைய சரக்கை ஏற்றிக்கொண்டு சிரியா போனவர்தான் முஹம்மது (ஸல்). கூடப் போன பணியாள் மைஸரா திரும்பி வந்து அவருடைய நேர்மையைச் சொன்னார். நாயகி தாமே விரும்பி, நஃபீஸா என்ற பெண் மூலம் மணப்பேச்சை எடுத்தார். அவர் கைம்பெண்; வயது 40 என்பார்கள், அண்ணலாருக்கு 25. நம் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் இந்த மணத்துக்குத் தனிப் படலமே பாடினார்.

கணக்குப் பாருங்கள். செல்வமெல்லாம் பெண்ணிடம். மாப்பிள்ளையோ தாய் தகப்பனை இழந்து அபூதாலிப் வீட்டில் வளர்ந்தவர். கேட்பதென்றால் அங்கே கேட்டிருக்கலாமே! கேட்டாரா? கொடுத்தார். மஹர் இருபது ஒட்டகங்கள் என்று இப்னு ஹிஷாம் எழுதுகிறார்.

"நாயகியும் தன் செல்வத்தைக் கொடுத்தாரே" என்று வாதாடுகிறார்கள். கொடுத்தார். தான் ஈட்டியதை, தன் கையால், யாரும் நிபந்தனை போடாமல், தீனுக்காகக் கொடுத்தார். குறைஷிகள் ஊர்விலக்கம் செய்தபோது அபூதாலிப் கணவாயில் பசி தாங்கினார். 619-இல் மறைந்தார், அந்த ஆண்டுக்கே துக்க ஆண்டு என்று பெயர். அந்தத் தியாகத்தைக் காட்டியா பைக் கேட்கிறீர்கள்? ஷாதிகானா வாடகை கேட்கிறீர்கள்?

1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமே மஹர் வேறு, வரதட்சணை வேறு என்று பிரித்து எழுதியிருக்கிறது. பாராளுமன்றத்துக்குத் தெரிந்தது நம் பந்தலுக்குத் தெரியவில்லை. மஹர், "பிறகு பார்க்கலாம்" என்று ஏட்டிலேயே கிடக்கிறது. ரகம் மட்டும் நிக்காஹ்வுக்கு முன்பே ரொக்கமாக வந்துவிட வேண்டும்!

ஜமாஅத் பெரியவர்களே, ரகம் வாங்கிய நிக்காஹ்வில் குத்பா ஓதமாட்டோம், அந்த விருந்தில் கை நனைக்கமாட்டோம் என்று வரும் ஜும்ஆவிலேயே அறிவியுங்கள். மாப்பிள்ளைகளே, மஹரை நிக்காஹ் மஜ்லிஸிலேயே எண்ணிக் கொடுங்கள். அது பெண் கைக்குப் போகட்டும், வாப்பா கைக்கு அல்ல.