பசுத்தலைக்காரர் கரை ஒதுங்கிய தீவு

ஹூஸ்டனில் கோடை வந்தால் பிள்ளைகளை அலையில் நனைய விட நம்மவர்கள் கால்வெஸ்டனுக்குத்தான் காரைத் திருப்புவார்கள். அந்தத் தீவிலோ அதை ஒட்டிய தீவிலோதான் 1528 நவம்பரில் ஒரு ஸ்பானியர் கரை ஒதுங்கினார். பெயர் அல்வார் நூன்யெஸ் கபேசா தெ வாக்கா. பின்பாதிக்குப் ‘பசுத்தலை’ என்று பொருள். தாய்வழிக் குடும்பப் பெயர்.

வந்தது நாடு பிடிக்க. நார்வாயெஸ் என்பவர் தலைமையில் 1527இல் புறப்பட்ட சுமார் 600 பேரில் இவர் அரச கருவூல அதிகாரி. ஃப்ளோரிடாவில் இறங்கியவர்களில் சுமார் 300 பேர் தங்கம் தேடி உள்ளே நடந்தார்கள், கப்பல்களைத் தவறவிட்டார்கள். பிறகு குதிரைகளை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றபடியே ஐந்து படகுகள் கட்டினார்கள். சேணத்தின் அங்கவடி உருகி ஆணியானது, சட்டைகள் பாயாயின, குதிரைக் காலின் தோல் தண்ணீர்ப் பையானது. பை வழியிலேயே அழுகிப் போயிற்று.

அந்தப் படகுகளில் வந்து கரை ஒதுங்கியவர்களுக்குத் தீவு மக்கள் மீனும் கிழங்கும் கொடுத்தார்கள். தெம்பு வந்ததும் ஸ்பானியர்கள் துணிகளைக் களைந்து படகைத் தள்ளப் போனார்கள். அது கவிழ்ந்து மூவர் மூழ்கினர். பிறந்த மேனியாய் நடுங்கி நின்றவர்களைப் பார்த்த அந்த மக்கள் உட்கார்ந்து அரைமணி நேரத்துக்கு மேல் வாய்விட்டு அழுதார்களாம். குளிரில் விறைத்துச் சாகாமலிருக்க வழி நெடுக நெருப்பு மூட்டி, அங்கங்கே சூடேற்றி, வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

ஒதுங்கிய சுமார் 80 பேரில் அந்தக் குளிர்காலம் கழிந்து மிஞ்சியவர்கள் 15. பசுத்தலைக்காரர் பிழைத்தது வாளால் அல்ல, வியாபாரத்தால். கடற்கரைச் சிப்பியைச் சுமந்து உள்நாட்டுக்குப் போவார். தோல், செம்மண், அம்புமுனைக்கான கல் கொண்டு திரும்புவார். பிற்பாடு வைத்தியரும் ஆனார். சிலுவைக் குறியிட்டு ஊதுவதோடு நிற்கவில்லை. ஒருவர் நெஞ்சில் தைத்திருந்த அம்புமுனையைக் கீறி எடுத்துத் தையலும் போட்டார்.

கடைசியில் அவரும் மேலும் மூவருமாக நால்வர் மேற்கே நடந்தார்கள். 1536இல் மெக்சிகோவின் மேற்குப் பகுதியில் எதிர்ப்பட்ட ஸ்பானியர்கள் அடிமை பிடிக்க வந்த கும்பல். இவர்களும் அவர்களும் ஒரே இனம் என்பதைக் கூட வந்த பூர்வகுடிகள் நம்பவேயில்லை. இவர்கள் நோய் தீர்ப்பவர்கள், அவர்கள் கொல்பவர்கள். இவர்கள் வெறுங்காலோடு வந்தவர்கள், அவர்கள் குதிரையில் ஈட்டியோடு வந்தவர்கள் என்று வாதாடினார்கள். ஊர் சேர்ந்த பிறகும் பல நாள் அவருக்கு உடம்பில் துணி தாங்கவில்லை, தரையில்தான் படுத்தார்.

இதையெல்லாம் எழுதியவர் அவரேதான். 1542இல் அது அச்சேறியது. பதவி வேண்டி மன்னருக்கு எழுதிய புத்தகம் என்பதால், தன் பெருமை சற்றுத் தூக்கலாகவே இருக்கும். அந்தப் புத்தகமே ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு: வழியெல்லாம் ஊர்க்காரர்களோடு பேசிப் பாதை கேட்டறிந்தவர் நால்வரில் ஒருவரான எஸ்தெவனிக்கோ, மொராக்கோவின் அசெம்மூரில் பிறந்த கறுப்பின அடிமை. பசுத்தலைக்காரருக்குத் தென்னமெரிக்காவில் ஆளுநர் பதவி கிடைத்தது. அங்கே குடியேறிய ஸ்பானியர்களே 1544இல் அவரைச் சிறைப்பிடித்து, பின்னர் ஊருக்கு அனுப்பியது வேறு கதை. எஸ்தெவனிக்கோவுக்குக் கிடைத்தது இன்னொரு பயணம். வழிகாட்ட மறுபடி வடக்கே அனுப்பப்பட்டு, 1539இல் சூனி என்ற பூர்வகுடி மக்களின் ஊரில் கொல்லப்பட்டார்.