ஒரு குழல், இரண்டு உருளை

சுழல்துப்பாக்கியைப் பற்றிப் பேச ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு என்ன உரிமை என்பீர்கள். தில்லி அலுவலகத்தில் படைக்கல விதிகளின் ஒரு தொடர் என்னை இரண்டு நாள் தடுத்து நிறுத்தியது; அதுவே உரிமை.

அமெரிக்காவின் ருகர் நிறுவனம் செய்யும் சில சுழல்துப்பாக்கிகளுக்கு உருளைகள் இரண்டு. அச்சாணியை உருவி உருளையை மாற்றினால், அதே குழலில் வேறு தோட்டா வெடிக்கும். .22 அளவில் மலிவான தோட்டாவால் பழகலாம். வேண்டும்போது வலிய மேக்னத்துக்கு மாறலாம். வைத்திருப்போர் சிக்கனத்தை மெச்சுவர்; குறி மட்டும் உருளைக்கு உருளை சற்றே விலகும் என்பர்.

அதே நிறுவனத்தின் பிளாக்ஹாக்கில் .357 உருளையோடு 9 மில்லிமீட்டர் உருளையும் சேர்ந்து வருவதுண்டு. இங்குதான் நம் விதி குறுக்கிடுகிறது. உள்ளே எந்தத் தோட்டா இருக்கிறது என்று அது கேட்பதில்லை. எதை ஏற்று வெடிக்கக்கூடும் என்றே கேட்கிறது. படையினரின் 9 மில்லிமீட்டரை ஏற்குமாயின் அது தடைசெய்யப்பட்ட துளையளவு. பெட்டியில் உறங்கும் உருளையும் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி படைக்கலத்தின் உறுப்பே. தில்லியில் உரிமம் பெற்றோர் பலர் கான்பூரில் செய்த ஒற்றை உருளை .32-ஐ நாடுவதில் வியப்பில்லை.

நானோ முதலில் 'ஏற்கும்' என்றே எழுதியிருந்தேன். அவ்வாறே அச்சாகியிருந்தால், அதை நம்பிய ஒருவர் ஆண்டுக்கணக்கில் சிறையிருக்க நேர்ந்திருக்கும். தோட்டா அமரும் துளையை 'அறை' என்றதற்கு மேலதிகாரி, "யாரை அறைகிறீர்?" என்று சிரித்தார், அதை மாற்றிக் கொடுத்தேன். 'ஏற்கக்கூடிய' என்பதை மட்டும் மாற்ற இசையவில்லை.