தரவு தந்தவர்கள் அவையில் அமரும் காலம்
(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் பெயரால் நடக்கும் இந்த உரையில் மொழியியல் கருத்தரங்குகளைப் பற்றிப் பேசப்போகிறோம். நிலம், வன்கொடுமை, இடஒதுக்கீடு என்று பேச எவ்வளவோ இருக்க, நாலு பேராசிரியர்கள் கூடிக் கட்டுரை வாசிக்கும் கூட்டத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். எது மொழி, எது கொச்சை என்பதற்கு அறிவியலின் பெயரால் முத்திரை விழும் இடம் அது. அந்த முத்திரை அங்கிருந்து பாடநூலுக்கு வருகிறது, ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறது, கடைசியில் வகுப்பறைக்கு வருகிறது. சேரியிலிருந்து வந்த பிள்ளை எழுந்து நின்று ஒரு வாக்கியம் பேசியதும் வகுப்பு சிரிக்கிறதே, அந்தச் சிரிப்புக்கும் அந்த அவைக்கும் தொடர்பு உண்டு. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

பண்டிதரிடமிருந்தே தொடங்கலாம். 1907இல் அவர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். வாரந்தோறும் சொற்களை எடுத்துப் பிரித்து வைத்தார். ஒரு சாதியின் பெயர், ஒரு பண்டிகையின் பெயர், ஒரு தெய்வத்தின் பெயர் எப்போது வந்தது, யார் வைத்தது, அதனால் யாருக்கு லாபம் என்று கேட்டார். அவர் சொன்ன சொல்மூலங்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது. அது தனி விவாதம். ஆனால் தன்னை இழிவாகக் குறிக்கும் சொல்லின் வரலாற்றைக் கேட்கும் உரிமையை அவர் எந்த அவையிடமும் விண்ணப்பம் போட்டு வாங்கவில்லை. தானாக எடுத்துக்கொண்டார். நமக்கு அவர் விட்டுச் சென்ற முதல் பாடம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஒரு தனிக் குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு 40 ஆண்டுகள் முன்பே, 1816இல், எல்லிஸ் எழுதினார். கேம்பெலின் தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் எழுதிய குறிப்பில் அது இருக்கிறது. அந்த எல்லிஸ் துரையிடம் திருக்குறள் ஏட்டுச் சுவடி போய்ச் சேர்ந்தது தம் பாட்டனார் கந்தப்பன் வழியாக என்று பண்டிதர் எழுதினார். கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். திராவிட மொழியியலின் வரலாற்றில் எல்லிஸின் பெயர் நிலைத்துவிட்டது. சுவடியைக் காத்து வைத்திருந்து கொடுத்தவரின் பெயரை நாம் அறிய, அவருடைய பேரன் வந்து எழுத வேண்டியிருந்தது. தருபவர் ஒருவர், பெயர் பெறுபவர் வேறொருவர். இந்த ஏற்பாடு மொழியியலில் நேற்று வந்ததல்ல.

துறை வளர்ந்த பிறகு என்ன ஆனது? 1928இல் லாகூரில் இந்திய மொழியியல் கழகம் உருவானது. 1950களில் பூனா டெக்கான் கல்லூரியில் நடந்த கோடைப் பள்ளிகளில் ஒரு தலைமுறையே பயிற்சி பெற்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் இத்துறைக்குத் தாய்வீடானது. 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கி, 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தியது. இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. பேச்சு வழக்கும் ஆராயத் தகுந்ததே என்று உரத்துச் சொன்னவர்கள் மொழியியலாளர்கள். வழக்கு என்பதை உயர்ந்தோருக்கு உரியதாக வைத்துப் பேசும் தொல்காப்பிய மரபியலின் நிழலில் வளர்ந்த புலமை உலகத்தில் அது சிறிய காரியமல்ல.

ஆனால் அந்த ஆய்வில் நாம் எங்கே இருந்தோம்? 1962இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒன்பதாவது உலக மொழியியலாளர் மாநாடு நடந்தது. அதில் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் சாதி வழக்குகளையும் மொழி மாற்றத்தையும் பற்றி முன்வைத்த கட்டுரை புகழ்பெற்றது. அதில் தமிழ் ‘பிராமண வழக்கு’, ‘பிராமணரல்லாதார் வழக்கு’ என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு பக்கம் ஜலம், தீர்த்தம், மறுபக்கம் தண்ணி. ஆய்வு என்ற முறையில் முக்கியமானதுதான். ஆனால் அந்த இரண்டாவது பெட்டிக்குள் பண்ணையாரும் இருக்கிறார், அவர் வயலில் நாற்று நட்ட நம் பாட்டியும் இருக்கிறார். ஒரே கிணற்றில் அந்தத் தண்ணியை மொள்ள முடியாத இருவரை ஒரே வழக்கில் போட்டது அந்தப் பாகுபாடு. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் கோடு அதில் விழவில்லை.

அந்தக் கோட்டைக் கண்டவரும் இருந்தார். ஜான் கம்பர்ஸ் உத்தரப் பிரதேசத்தின் காலாப்பூர் கிராமத்தில் செய்த ஆய்வை 1958இல் வெளியிட்டார். ஊர்ச் சாதிகளின் பேச்சு ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தது. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதிகளின் பேச்சு தனித்து நின்றது. இத்தனைக்கும் அவர்கள் நாள் முழுவதும் ராஜபுத்திரர்களின் வயலிலும் வாசலிலும் வேலை செய்கிறவர்கள். காதில் அந்தப் பேச்சு விழாத நாளில்லை. அப்படியிருந்தும் பேச்சு ஏன் ஒன்றாகவில்லை? வேலைத் தொடர்பு பேச்சை ஒன்றாக்குவதில்லை. நட்பும், பிள்ளைகள் கூடி விளையாடுவதும்தான் ஒன்றாக்கும் என்ற முடிவுக்கு கம்பர்ஸ் வந்தார்.

தோழர்களே, இந்த முடிவை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கருத்தரங்கு மண்டபத்திலேயே வைத்துப் பார்ப்போம். இன்று நம் பிள்ளைகள் அந்த மண்டபத்துக்குள் வந்துவிட்டார்கள். இடஒதுக்கீடு கொண்டுவந்த மாற்றம் அது. அழைப்பிதழில் பெயர் இருக்கிறது, சான்றிதழ் கிடைக்கிறது. ஆனால் அது வேலைத் தொடர்பு. தேநீர் இடைவேளையில் யார் யாரோடு நிற்கிறார்கள்? மாலையில் பேராசிரியர் தங்கியிருக்கும் அறைக்கு யார் கூப்பிடப்படுகிறார்கள்? அடுத்த தொகுப்பு நூலுக்கு யாரிடம் கட்டுரை கேட்கலாம், எந்தத் திட்டத்துக்கு யாரை எடுக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. மேடையில் 15 நிமிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் வட்டத்தில் இடம் கொடுக்காத அவைக்குக் காலாப்பூரைப் பற்றிப் பாடம் நடத்தும் தகுதி குறைவு.

நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் நம் மாணவி ஒருவர் தம் ஊர்ப் பேச்சில் ழகரம் என்ன ஆகிறது என்று கட்டுரை வாசித்தார். வட மாவட்டங்களில் பல இடங்களில் அது யகரமாகிறது, தெற்கே ளகரமாகிறது, இரண்டுமே ஒழுங்கான விதிப்படி நடக்கும் மாற்றம் என்று எடுத்துக்காட்டுகளோடு விளக்கினார். முடித்ததும் அமர்வின் தலைவர் கேட்ட முதல் கேள்வி: “உங்களுக்கே ‘ழ’ சரியா வரலியேம்மா?” அவை சிரித்தது. கட்டுரையைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அவர் குரலில் அதே மாற்றம் இருந்தால் அது கட்டுரைக்கு வலு. ஆனால் அந்த அவையில் அது குறையாகிவிட்டது. ஒலிப்பதிவுக் கருவிக்குள் இருந்து கேட்டால் தரவு, ஒலிபெருக்கி முன் நின்று பேசினால் தவறு. இந்த இரட்டை அளவுகோலைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம்.

இதே கேள்வியைக் கடல்தாண்டி நம் கறுப்பினத் தோழர்களும் கேட்டிருக்கிறார்கள். 1973இல் செயின்ட் லூயிஸ் நகரில், கறுப்பினக் குழந்தைகளின் மொழி வளர்ச்சி பற்றிய மாநாட்டை உளவியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் கூட்டினார். தங்கள் மக்களின் பேச்சைத் ‘தரமற்ற ஆங்கிலம்’ என்ற பொருள்படும் பெயர்களால் ஆய்வுலகம் அழைத்துவந்ததில் கொதித்துப்போன கறுப்பின அறிஞர்கள் அங்கே தனியாகக் கூடினார்கள். நம் பேச்சுக்கு நாமே பெயர் வைப்போம் என்று முடிவெடுத்து ‘இபோனிக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். கருங்காலி என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் ஒலியைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது.

பெயர் வைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினக் குழந்தைகளின் பெற்றோர் பள்ளி நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார்கள். ஜெனீவா ஸ்மிதர்மன் முன்னின்று உழைத்தார், வில்லியம் லபோவ் சாட்சி சொன்னார். குழந்தைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் கொள்ளாமல் வாசிக்கக் கற்பித்தது தவறு என்று 1979இல் தீர்ப்பு வந்தது. லபோவ் பிறகு 1982இல் ஒரு கொள்கையை எழுதினார்: ஒரு மக்களிடம் மொழித் தரவு வாங்கிய ஆய்வாளர் அவர்களுக்குக் கடன்பட்டவர், அவர்களுக்குத் தேவை வரும்போது அந்த அறிவை அவர்களுக்காகப் பயன்படுத்த வேண்டும். 1997 ஜனவரியில் சிகாகோவில் கூடிய அமெரிக்க மொழியியல் கழகம், கறுப்பினப் பேச்சு விதிகளுக்கு உட்பட்ட முறையான மொழி வழக்குதான், அதைச் சோம்பேறிப் பேச்சு, உடைந்த ஆங்கிலம் என்பது தவறு, இழிவுபடுத்துவது என்று தீர்மானம் போட்டது. ஆக, ஒரு கருத்தரங்கால் இதைச் செய்ய முடியும். மனம் இருந்தால் முடியும், கீழேயிருந்து நெருக்கடி வந்தால் முடியும்.

நம் கோரிக்கைகளை இங்கிருந்து வைக்கிறோம். சேரியில் பதிவு செய்த பேச்சை வைத்துக் கட்டுரை எழுதினால், அதன் முடிவை அதே சேரியில், அவர்களுக்குப் புரியும் தமிழில், ஒரு மாலை உட்கார்ந்து சொல்லுங்கள். பேச்சைத் தந்தவரை வெறும் ‘தகவலாளி’ ஆக்காதீர்கள். அவர் விரும்பினால் பெயரைப் போடுங்கள், விரும்பாவிட்டால் மறையுங்கள், இரண்டையும் அவரிடமே கேளுங்கள். மாநாட்டுக் கட்டணத்தை முதல் தலைமுறை ஆய்வாளர்களுக்கு நீக்குங்கள். ‘முதலில் செலவு செய், பிறகு ரசீது கொடு’ என்பது கையில் காசு உள்ளவருக்கான விதி. பயணப்படியை முன்னதாகக் கொடுங்கள். தமிழ்நாட்டில் தமிழ்ப் பேச்சைப் பற்றி நடக்கும் கருத்தரங்கில் தமிழில் வாசிக்க இடம் கொடுங்கள். அமர்வுத் தலைவர்களாகவும் கட்டுரைத் தேர்வுக் குழுவிலும் தலித் ஆய்வாளர்களை அமர்த்துங்கள். பாடநூல் குழுவுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் போய், எந்தப் பிள்ளையின் வீட்டுப் பேச்சும் பிழை அல்ல என்று உங்கள் துறையின் பெயரால் தீர்மானம் போட்டுச் சொல்லுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் சொல்ல இருக்கிறது. அந்த அவைகளை விட்டு ஒதுங்காதீர்கள். ஒலியியல் படியுங்கள், தொடரியல் படியுங்கள், கருவிகளைக் கையில் எடுங்கள். எழுத்துத் தமிழையும் ஆங்கிலத்தையும் குறைவறக் கற்றுக்கொள்ளுங்கள். அவை நமக்குத் தேவை. ஆனால் அவற்றைக் கற்பதற்கு அம்மாவின் பேச்சை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. எவராவது சிரித்தால், அந்த மாற்றத்துக்கான விதியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

செயின்ட் லூயிஸில் அவர்கள் கூடியதுபோல நாமும் தனியாகக் கூட வேண்டும். பெரிய மண்டபம் வேண்டாம். படிப்பகத் திண்ணை போதும். வட்டார வழக்குகளைப் பேசுபவர்களும் ஆராய்பவர்களும் ஒரே பாயில் உட்காரட்டும். வயல் வேலை, தோல் வேலை, பறை, பேறுகாலம், சாவுச் சடங்கு என்று நம் மக்களிடம் இருக்கும் சொற்களை நாமே தொகுப்போம், பொருளை நாமே எழுதுவோம். ஒரு பைசா விலை வைத்துப் பண்டிதர் தொடங்கிய வேலைதான் இது. இந்த ஆண்டு ஓர் ஊரில் தொடங்குவோம். எந்த ஊர் என்பதைக் கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து முடிவு செய்வோம்.

ஜெய்பீம்.