கைக்கேற்ற கருவி

(ஹற்றனில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரும் பொருள்களைப் பற்றிப் பேச வல்லோர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். நாம் பேச எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய பொருள்: வலக்கைச் சுண்டுவிரல். சிரிக்க வேண்டாம். அந்த விரலால் எமக்கு உத்தியோகமே போகும் நிலை வந்தது.

ஒரு கந்தோரில் பத்து ஆண்டுகளாகத் தமிழ்க் கடிதங்களைக் கணினியில் தட்டெழுதி வந்தோம். நாம் பழகியது பாமினி எழுத்துரு. அதிலே மெய்யெழுத்தின் புள்ளி வலக்கைச் சுண்டுவிரலின் கீழ் இருக்கிறது. தமிழில் புள்ளியில்லாத வரி ஏது? மெலிந்த விரலுக்கு ஓயாத வேலை. முதலில் விரல் மரத்தது. பின் மணிக்கட்டு நொந்தது. ஈற்றில் தேநீர்க் கோப்பையைத் தூக்கவும் முடியவில்லை. ஆயினும் நாம் வாய் திறக்கவில்லை. கூடை சுமந்து மலையேறியவளின் மகன், நாற்காலியில் இருந்துகொண்டு கை நோகிறது என்று சொல்வதா என்ற வெட்கம்!

நோவைக் கண்டுகொண்டவர் எம் தாயாரே. ஒருநாள் வீட்டில் நாம் வேலை செய்வதைப் பார்த்திருந்தவர், "ரெண்டு கையும் இருக்குதில்ல தம்பி, ஏன் ஒத்த விரலயே போட்டுக் கொல்லுற?" என்றார். இரு கையாலும் கொழுந்தெடுத்தவரின் கேள்வி அது. மறுநாளே வைத்தியரிடம் போனோம். பழக்கத்தை மாற்றாவிட்டால் கை தேறாது என்றார் அவர்.

மேல்நாடுகளில் நடுவே பிளந்து இருபுறமும் சரிந்த விசைப்பலகைகள் உண்டு. மைக்ரோசொவ்ட் நிறுவனம் 1994இல் அத்தகைய ஒன்றை விற்பனைக்கு விட்டது. அவற்றின் விலை எமக்கு எட்டவில்லை. எழுத்துகளின் இடத்தை மாற்றுவதற்கோ செலவில்லை. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக எழுந்தது தமிழ்99 என்னும் முறை. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு; மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. புள்ளி இடக்கை ஆள்காட்டி விரலுக்கு. ககரத்தை இருமுறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானாகவே விழும். 'ந்த', 'ம்ப' போன்றவையும் அப்படியே.

பழைய முறையை நாம் பழிக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா அவர்கள், 247 எழுத்துகளையும் ஒரு பொறியின் சில விசைகளுக்குள் அடக்கியது அரிய செயல். பொறியிலே கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் கொம்பை முன்னே தட்ட வேண்டியிருந்தது. கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் கை மட்டும் பழைய பொறியிலேயே நின்றுவிட்டது.

'கொழுந்து' என்ற சொல்லைப் பாருங்கள். பாமினியிலும் ஏழு தட்டு. தமிழ்99இலும் ஏழு தட்டு. ஆனால் முன்னதில் இருமுறை மேல்விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். பின்னதில் அது இல்லை. வலம், இடம், வலம், இடம், வலம், வலம், இடம் என்று கைகள் மாறி மாறிப் போகின்றன. தாயார் மலையில் செய்தது இதுதானே!

கற்பது எளிதென்று சொல்லோம். இரு வாரம் விடுமுறை எடுத்து, ஏடு தொடக்கிய பிள்ளைபோல் 'அம்மா', 'அப்பா' என்று தொடங்கினோம். ஒரு பக்கக் கடிதத்துக்கு அரைநாள் பிடித்தது. அவசரத்தில் விரல் பழைய இடத்துக்கே ஓடியது. கந்தோருக்குத் திரும்பியபோது நம்மிலும் இளையவர் நம் வேகத்தைப் பார்த்து நகைத்தனர். அந்நாளில் பழையதற்கே திரும்பிவிட எண்ணியதும் உண்டு. இரண்டு மாதம் சென்றபின், ஒரு காலையில் விசைகளைப் பாராமலே ஒரு முழுக் கடிதத்தை முடித்திருந்தோம்.

புது முறை மட்டும் மருந்தாகிவிடாது. மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள். முழங்கை மேசை மட்டத்தில் இருக்கட்டும். இடையிடையே எழுந்து நடவுங்கள். நோவு நீடித்தால் வைத்தியரைப் பாருங்கள்.

வாலிபர்களே! லயத்துப் பிள்ளைகள் இன்று ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கொழும்பிலும் கணினி முன் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிலும் நோவை மறைப்போர் உண்டென்று அறிவோம். நம் பெற்றோர் கருவிக்கும் தராசுக்கும் ஏற்பத் தம் உடம்பை வளைத்தார்கள். அவர்களுக்கு வேறு வழி விடப்படவில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது. நோவை ஒளிப்பது தாய்க்குச் செய்யும் மரியாதையன்று. கைக்கு ஏற்பக் கருவியை மாற்றுங்கள். அதற்காகச் சில வாரம் பிறர் நகைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.