டில்லியில் ஒரு பகல்



பயண அனுபவம் பற்றி அஞ்சு நிமிஷம் பேசச் சொன்னார்கள். மூன்றாம் வரிசையில் குனிந்து சிரித்துக்கொண்டிருக்கிறாரே நம் நண்பர், அவர் சம்பந்தப்பட்டதைச் சொல்கிறேன்.

1983 டிசம்பர். சண்டிகரில் இருவருக்கும் நேர்முகத் தேர்வு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் காலையில் புதுடில்லி வந்து இறங்கினோம். அடுத்த ரயில் பழைய டில்லியிலிருந்து ராத்திரி. நடுவில் ஒரு பகல். கையில், திரும்பி வரும் செலவு போக, நாற்பது ரூபாய்.

பூட்டாத சாமானைக் கிளோக் ரூமில் எடுக்க மாட்டார்கள். எங்களிடம் இருந்தவை துணிப்பைகள். “பூட்டுப் போட்ட பெட்டிக்குக் காசு ஏது? சுமந்துக்கிட்டே சுத்துவோம்” என்றேன். என் யோசனைதான்.

பஸ் பிடித்துக் குதுப்மினார் போனோம். 73 மீட்டர் உயரம். 1981 நெரிசலில் பலர் இறந்த பிறகு மேலே ஏற விடுவதில்லை. பக்கத்தில் 1600 வருஷத்து இரும்புத் தூண். 1997-ல்தான் வேலி போட்டார்கள், அப்போது தொடலாம். தூணில் முதுகைச் சாய்த்துப் பின்பக்கமாகக் கை கோத்தால் நினைத்தது நடக்குமாம். நண்பருக்குக் கை எட்டியது, எனக்கு எட்டவில்லை. (வேலை கிடைத்தது எனக்கு!)

செங்கோட்டை வாசலுக்கு வரும்போது மணி நாலு. தோள் இரண்டும் கழன்றுவிட்டன. “நீ முதல்ல போயிட்டு வாடா, பையை நான் பார்த்துக்கறேன்” என்றான். அரை மணியில் வருவதாகச் சொல்லிப் போனேன்.

உள்ளே திவான்-இ-காஸ். மயிலாசனம் இருந்த இடம். 1739-ல் நாதிர் ஷா கொண்டுபோய்விட்டார். அதே மண்டபத்தில்தான் 1858-ல் பகதூர் ஷாவை ஆங்கிலேயர் விசாரித்தார்கள். முன்னோர் கட்டிய கோட்டையில் வாரிசு கைதி! ரங்கூனுக்கு அனுப்பி, 1862-ல் அங்கேயே இறந்தார். ஐ.என்.ஏ. அதிகாரிகள் மேல் 1945-ல் வழக்கு நடந்ததும் இந்தக் கோட்டைக்குள்தான். மலாயாத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த படையாயிற்றே! கால் நகரவில்லை.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்து, டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டார்கள். இரண்டு பைக்கு நடுவில் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். “எப்படிடா இருந்தது?” என்று மட்டும் கேட்டான். ஸ்டேஷன் வரை நான் சொல்லிக்கொண்டே வந்தேன், வெட்கமில்லாமல்.

உத்தியோகத்தில் நாலு தடவை டில்லி போய்விட்டேன். அவர் அப்புறம் போகவே இல்லை என்பது நேற்று ராத்திரிப் பேச்சில்தான் தெரிந்தது.

வருகிற டிசம்பரில் போகிறோம். திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை, செவ்வாய்க்கிழமை போவோம். நீ உள்ளே போய் நிதானமாப் பார்த்துட்டு வாடா. பையை நான் பார்த்துக்கறேன்.