கடல்கோளும் மீண்டெழுந்த மனைகளும்



தமிழில் அழிவைப் பாடுவதற்கு நெடிய மரபு உண்டு. புறத்திணை இலக்கணம் கையறுநிலை என்று ஒரு துறையையே வகுத்துத் தந்திருக்கிறது. தலைவன் மாய்ந்தபின் செயலற்று நிற்போரின் துயரைப் பாடுவது அத்துறை. ஆனால் வீழ்ந்த குடிலை மறுநாள் யார் தூக்கி நிறுத்தினர், மூங்கில் யார் தந்தனர், கீற்று யார் முடைந்தனர் என்று பாடுவதற்குத் துறை வகுக்கப்படவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பின்னர் இக்குறை நன்கு புலப்பட்டது. கடலைத் தாயென்றும் பேயென்றும் விளித்து எழுந்த கவிதைகளுக்கு அளவில்லை. அவற்றுள் நல்லனவும் உண்டு. அதன்பின் மூன்று நான்கு ஆண்டுகள் அக்கரையில் நடந்த வேலையைப் பாடியவையோ மிகச் சில. அவ்வேலையுள் கிறித்துவத் திருச்சபைகளின் தொண்டர்கள் ஆற்றிய பகுதியை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

சுனாமி என்னும் சப்பானியச் சொல் அன்றுதான் நம் மக்கள் நாவில் ஏறியது. கடல்கோள் என்னும் சொல்லோ நம்மிடம் முன்பே இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. அக்காப்பியத்தில் நகரம் மீண்டும் எழவில்லை. அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் ஊரைவிட்டு நீங்குகின்றனர். ஆயின், துறவறம் பூண்ட பெண்ணொருத்தி கையில் அமுதசுரபி ஏந்திச் சமயம் வினவாது பசித்தோர் யாவர்க்கும் சோறிட்டாள் என்னும் செய்தியும் அதே காப்பியத்தில் உள்ளது. அதே கரையில், ஏறத்தாழ அதே ஊர்களில், வேறொரு சமயத்தின் துறவியரும் தொண்டரும் 2005இல் சோற்றுப் பானையோடு நின்றனர். இந்த ஒப்புமை தற்செயலானதே. எனினும் அவர்தம் பணியை அளப்பதற்கு நம் கையில் உள்ள நல்ல அளவுகோல் மணிமேகலையின் பாத்திரமே.

நிகழ்ந்தவை நீங்கள் அறிந்தவை. சுருங்கச் சொன்னால் போதும். அன்று ஞாயிறு, கிறித்து பிறப்பு விழாவின் மறுநாள். இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் 9.1 அளவில் நடுங்கிற்று. இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரையை அடைந்தது. தமிழகத்தில் மாண்டோர் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். அவர்களுள் ஆறாயிரம் பேர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தவர். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் சிதைந்தன. வேளாங்கண்ணியில் விழாக்கால வழிபாட்டுக்கு வந்திருந்த வெளியூரார் பலர் கரையிலேயே மாண்டனர். குமரி மாவட்டத்தில் எண்ணூறு பேர் அளவில் இறந்தனர். பழையாற்று முகத்துவாரத்தில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தை அலை பெயர்த்தெறிந்தது.

இவ்விரு கரைகளிலும் திருச்சபைத் தொண்டர் உழைத்தனர். ஆனால் இரண்டிடத்தும் அவர்தம் நிலை ஒன்றன்று. குமரிக் கரையில் மீனவர் பெரும்பாலும் கத்தோலிக்கர். அங்கே பங்குக்கோயிலே ஊர். பங்குத்தந்தையின் சொல்லே பல வழக்குகளில் முடிந்த சொல். கோட்டாறு மறைமாவட்டத்தில் அன்பியம் எனப்படும் சிறு குழுக்கள், ஒவ்வொன்றும் சில பத்துக் குடும்பங்கள் கொண்டவை, முன்னரே இயங்கிவந்தன. ஆகவே யார் மிஞ்சினார், யார் மாண்டார் என அறிய வெளியாளின் கணக்கெடுப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே தொண்டர் வீட்டுக்காரர்.

நாகைக் கரையிலோ அவர் விருந்தினர். பட்டினவர் வாழும் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் ஒப்புதலின்றி ஒரு மூட்டை அரிசியும் இறங்காது. இந்து மீனவர்தம் கோயில் முற்றத்தில் அமர்ந்து, நாட்டார்களிடம் கேட்டு, அவர் இசைந்தபின்னரே வேலை தொடங்கிற்று. ஒருவகையில் இது நன்மையாயிற்று. விருந்தினன் கேட்டுத்தான் ஆகவேண்டும். வீட்டுக்காரனுக்கு அக்கட்டாயம் இல்லை. குமரியில் விரைவு மிகுதி, வினவுதல் குறைவு. நாகையில் தாமதம் மிகுதி, பேச்சும் மிகுதி.

ஆனால் பஞ்சாயத்து வழியே செல்லும் உதவி பஞ்சாயத்தின் எல்லையோடு நின்றுவிடும் என்பதும் உண்மை. படகும் வலையும் இழந்தவர் பெயர் பட்டியலில் ஏறிற்று. மீன் சுமந்தவர், கருவாடு உலர்த்தியவர், கரையோர வயலில் கூலி செய்தவர், உப்பளத்தில் உழைத்தவர் ஆகியோருட் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அவர்க்கு இழந்ததாகக் காட்ட உடைமை ஏதும் இல்லை. கழிமுகத்தில் கையால் இறால் பிடித்த இருளர் நிலை இன்னும் கீழ். தொடக்க மாதங்களில் இவர்கள் நிவாரணத்திலிருந்து விலக்கப்பட்டமை பலராலும் பதிவு செய்யப்பட்டதே. இங்கேதான் திருச்சபைத் தொண்டரின் பணி தனக்கென ஒரு பொருள் பெறுகிறது. தரங்கம்பாடி, 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர். தமிழ் அச்சின் வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊர். அங்குள்ள தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் சபையாருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்களே. ஆதலின் எந்தச் சேரிக்கு லாரி போகவில்லை என்பது அத்தொண்டர்க்குத் தெரிந்திருந்தது. தம்மவர்க்கே தருகின்றனர் என்னும் பழிச்சொல்லும் உடன் வந்தது. பழிக்கு அஞ்சிச் சேரியை விட்டிருந்தால் அதுவே பெரும்பிழையாகியிருக்கும்.

சோற்றோடு சமயமும் பரிமாறப்படுகிறதோ என்னும் ஐயம் அந்நாளில் எங்கும் எழுந்தது. ஐயுற்றவரைக் குறை கூறுதல் முறையன்று. மூன்று நூற்றாண்டு வரலாறு அவ்வையத்திற்கு இடம் தந்திருக்கிறது. உதவியைச் சமயக் கொள்கை பரப்பும் கருவியாக்கலாகாது என்னும் நடத்தை நெறி 1994இல் செஞ்சிலுவை இயக்கத்தாலும் தொண்டு நிறுவனங்களாலும் வகுக்கப்பட்டது. உலகத் திருச்சபைகள் மன்றமும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் காரித்தாசும் அதனை உருவாக்கியவற்றுள் அடங்கும். எழுதிய நெறி எல்லாக் கைகளிலும் ஒருசேர நின்றதெனச் சொல்லிவிட இயலாது. எனினும் 1947இல் பிரிவினை அகதிகளுக்காகத் தோன்றிய காசா போன்ற பழைய அமைப்புகள் அதனைத் தம் கடமையாகவே கொண்டன. பரங்கிப்பேட்டை இசுலாமியப் பெருமக்கள் அயலூர் மீனவர்க்கு அன்றே உணவும் இடமும் தந்ததையும் இவ்விடத்து நினைத்தல் தகும். அமுதசுரபிக்கு ஒரே சமயம் உரிமை கொண்டாட இயலாது.

இனி, வீடு. முதலில் எழுந்தவை தார் பூசிய அட்டைக் கொட்டகைகள். சித்திரை வெயிலில் அவற்றினுள் பகலில் இருத்தல் அரிது. 2005 ஐப்பசி மழையிலோ பல கொட்டகைகளுள் தண்ணீர் நின்றது. நிலையான வீடுகளுக்கு அரசு நிலம் தர, தொண்டு நிறுவனங்கள் கட்டித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 325 சதுர அடி; ஒன்றரை இலட்சம் ரூபாய். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும். இந்தக் கடைசி வரியின் மதிப்பு, தன் பெயரில் ஓர் ஓலைத்துண்டும் இல்லாதிருந்த பெண்ணுக்குத்தான் தெரியும்.

இங்கே நேர்ந்த தவறுகளை மறைத்துப் பேசுவது தொண்டர்க்கும் மதிப்பளிப்பதாகாது. கொடையாளர் குறித்த நாளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். அதற்கு மட்டமான வெற்றுநிலம் வேண்டும். ஆகவே பல ஊர்களில் தென்னையும் வேம்பும் பூவரசும் வெட்டப்பட்டன. அலைக்குத் தப்பி நின்ற பழைய வீடுகள் கூட, திண்ணையோடும் ஓட்டுக் கூரையோடும், இடிக்கப்பட்டன. அவ்விடத்தில் வரிசை வரிசையாகத் திண்ணையற்ற காரைப் பெட்டிகள் எழுந்தன. மக்களும் மாடி வீட்டையே விரும்பினர் என்று சொல்லப்பட்டது. விரும்பினர், உண்மைதான். அரை நூற்றாண்டாகக் காரை வீட்டையே மேன்மையென்று அவர்க்குக் காட்டிவந்தோர் எவர் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். படகிலும் இதே கதை. இழந்தவற்றினும் மிகுதியாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் மறையத் தொடங்கிற்று.

கவிஞர்கள் கண்டுகொள்ளாத பணி ஒன்று உண்டு. முகாம்களில் அருட்சகோதரியர் குழந்தைகளை இழந்த தாயரோடு நாள்தோறும் அமர்ந்திருந்தனர். பல நாள் எதுவும் பேசாமலேயே அமர்ந்திருந்தனர். மாண்டோரில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டபின் பிள்ளைகளைப் பறிகொடுத்தோர்க்கு அரசு மீட்பு அறுவை செய்வித்தது. அம்முடிவை எடுக்குமுன் ஒரு பெண் எவரிடம் வாய்விட்டுப் பேசியிருப்பாள்? அத்தகைய உரையாடலுக்குக் கணக்கேடு கிடையாது. கட்டிய வீடுகளுக்குக் கொடையாளர் பெயர் பொறித்த கல் உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

இன்று அக்குடியிருப்புகளுக்குச் செல்வோர் வேறொரு காட்சியைக் காண்பர். காரை வீட்டின் முன்னே கீற்றுப் பந்தல் இறக்கியிருக்கிறார்கள். அடுப்பைப் பின்புறம் தனிக் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்கள். வாசலில் செங்கல் அடுக்கிச் சாந்து பூசி, ஒருவர் அமரும் அளவுக்கேனும் திண்ணை கட்டியிருக்கிறார்கள்; மாலையில் அதில் அமர்ந்து வலை பழுதுபார்க்கிறார்கள்.